விளக்குக்காரி இன்னும் வரவில்லை

என் நாத்தனாருக்காக வாசலில் காத்திருந்தே என் ஆயுசில் பாதி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

அந்தப் பழைய வீட்டுக்கு நாங்கள் இருவரும் வேலைக்குப் போன முதல் நாளும் தாமதம்தான். நான் ஸ்கூட்டரைக் கிளப்பித் தெருவையே புகையாக்கிக்கொண்டு நிற்கிறேன். அவள் உள்ளே சீப்பைத் தேடுகிறாள். சீப்பு கிடைத்தால் சாவியைக் காணோம். சாவி கிடைத்தால் செருப்பு வார் மாட்டமாட்டேன் என்கிறது. "இருங்க அண்ணி, வந்துட்டேன்" என்று குரல் மட்டும் முதலில் வாசலுக்கு வந்து சேரும். ஆள் வருவதற்குள் எனக்கு நாலு முடி நரைத்துவிடும்.

என் கணவருக்குக் கப்பலில் வேலை. வீட்டில் மாமியார், நாத்தனார், நான் என்று மூன்று பெண்கள்தான். மாமியார் தினமும் வாசல்வரை வந்து, "அவளை விட்டுட்டுப் போயிடாதம்மா, கூட்டிட்டே போ, கூட்டிட்டே வா" என்பார். "அவளை விட்டுட்டு நான் எங்க அத்தை போறது?" என்று நானும் தினமும் சிடுசிடுப்பேன்.

அது வீடியோ கேம் செய்கிற சின்னக் கம்பெனி. முதலாளி, அவர் சேர்த்துவைத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் காரை பெயர்ந்த ஒரு மாடிவீட்டுக்குள். திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். வெளியே வெயில் கொளுத்தும். கதவைத் தள்ளி உள்ளே வந்தால் அரை இருட்டு. ஈர மரத்தின் வாடை, சூடான கம்ப்யூட்டரின் வாடை, அவற்றுக்கு அடியில் எப்போதோ எரிந்து அணைந்த சாம்பலின் வாடை. அந்தக் கடைசி வாடை எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டேன். பழைய வீடென்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் செய்த ஆட்டத்தின் பெயர் 'கரிக்கோட்டை'. எரிந்துபோன ஒரு கோட்டைக்குள் நான்கு பேர் ஒரே ஒரு விளக்கோடு இறங்குகிறார்கள். வாள்காரன், வைத்தியச்சி, திருடன், விளக்குக்காரி. ஆடுகிறவர் முன்னால் போகும் வாள்காரனை நடத்த வேண்டும். மற்ற மூவரும் தாமாகவே பின்னால் வருவார்கள். எல்லோருக்கும் கடைசியில் விளக்குக்காரி. விளக்கைக் கடைசியில் விட்டுவிட்டு முன்னால் இருட்டில் தடவிக்கொண்டு போகிற புத்திசாலிகளை இந்த ஒரு ஆட்டத்தில்தான் பார்த்தேன்.

அதில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கல்யாணமான நாளிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்குக் குறை சொல்வதற்கே சம்பளம் என்றால் கசக்குமா? வெளுத்து வாங்கினேன்.

குறைக்கும் பஞ்சமே இல்லை. பின்னால் வருகிறவர்களுக்கு வாசலில் நுழையத் தெரியாது. நிலையில் தோளை மோதுவார்கள், ஓரடி பின்வாங்குவார்கள், மறுபடி அதே இடத்தில் மோதுவார்கள். நாம் நடந்தால் நடப்பார்கள், நின்றால் நிற்பார்கள், நடுவில் உள்ள இடைவெளி மட்டும் அளந்துவைத்தாற்போல மாறாது. பேசினால் வார்த்தை முதலில் வரும், வாய் அப்புறம் அசையும். கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அவர்களுடைய நிழலையும் எடுத்துவிட்டார்கள். கோட்டையில் எத்தனை படிக்கட்டு இருந்தாலும் எல்லாம் ஒரே படிக்கட்டுதான். படம் வரைகிறவர் சோம்பேறி. அந்த வீட்டு நிலவறைப் படியையே போட்டோ எடுத்து ஆட்டம் முழுக்க ஒட்டிவிட்டார். கீழே இருந்த மரக்கதவும் அப்படித்தான் உள்ளே போனது.

எல்லாவற்றையும்விட எரிச்சல், அந்தக் கதவு. நான்கு பேரும் கிட்டே வந்து சேராமல் எந்தக் கதவும் திறக்காது. பேய் துரத்தினாலும் சரி, கூரை இடிந்து விழுந்தாலும் சரி, 'இன்னும் ஒருவர் வரவில்லை' என்று திரையில் எழுத்து வந்து நிற்கும். அந்த ஒருவர் எப்போதும் விளக்குக்காரிதான். எங்கேயோ படியில் மாட்டிக்கொண்டு, "இருங்க, வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பாள். ஆடி அசைந்து வந்து சேர்ந்ததும், "எல்லாரும் வந்தாச்சு. போகலாம்" என்பாள். அப்புறம்தான் கதவு திறக்கும்.

அந்தக் குரல் என் நாத்தனாருடையது.

சத்தம் பதிவு செய்யும் வேலை அவளுக்கு. காலடிச் சத்தத்துக்குக்கூட அவள் செருப்புதான். வலது செருப்பின் வார் தளர்ந்திருக்கும். டப்... சர்க். டப்... சர்க். ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் ஆமை. அவள் கோபித்துக்கொள்ளவே மாட்டாள். "ஆமைன்னா ஆயுசு ஜாஸ்தி அண்ணி" என்று சிரிப்பாள்.

விளக்குக்காரியின் வசனத்தை முதலில் பதிவு செய்தபோது, பழக்க தோஷத்தில் "இருங்க அண்ணி, வந்துட்டேன்" என்று பேசிவிட்டாள். "கோட்டைக்குள்ள அண்ணி எங்கேம்மா வந்தா?" என்று முதலாளி கத்தினார். அண்ணியை எடுத்துவிட்டு மறுபடி பேசினாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பதிவு நடப்பது நிலவறையில். வெளிச் சத்தம் எட்டாத இடம் அது ஒன்றுதான். சுவரிலும் கதவிலும் பஞ்சுப் பலகை அடித்திருந்தார்கள். அடிக்கும்போது கதவின் உட்புறக் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். அதனால் உள்ளே போகிறவர்களால் தாமாக வெளியே வர முடியாது. மேலே சிவப்பு பல்பு எரிகிறவரை வெளியில் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முடிந்ததும் உள்ளிருந்து தட்டுவார்கள். திறந்துவிட வேண்டும். அவள் உள்ளே போனால் நிற்கிறவள் நான். வீட்டிலும் காவல், ஆபீஸிலும் காவல்.

ஆட்டத்தை ஆடிப் பார்க்க வெளியாட்கள் சிலரை வரவழைத்தார் முதலாளி. எல்லோரும் அந்தக் கதவைத்தான் திட்டினார்கள். கதவு விதியை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தது நான்தான். வராதவளுக்காக எத்தனை தடவைதான் நிற்பது?

ஆட்டத்துக்குக் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிற பையனுக்கு ஆபீஸில் பூனை என்று பெயர். நடப்பதே கேட்காது. அவன் மட்டும் தயங்கினான்.

"எனக்கு முன்னாடி இந்த வேலையில இருந்தவர் போகும்போது இதை மட்டும் தொடாதேன்னு சொல்லிட்டுப் போனார் சார்."

"ஏனாம்?"

"சொல்லல. மத்தியானம் கீழ போனவர், மேல வந்து பையை எடுத்துட்டு அப்படியே போயிட்டார்."

"அவரே போயிட்டாரு, அவரு கதவு எதுக்கு?" என்றார் முதலாளி. பேச்சு முடிந்தது.

விதியை எடுத்தால் விளக்குக்காரிக்குப் புதிதாக ஒரு வசனம் வேண்டும். கதவு மூடிக்கொண்டு அவள் பின்தங்கிவிட்டால் கூப்பிட வேண்டுமே. 'என்னை விட்டுட்டுப் போகாதீங்க.' அவ்வளவுதான். அதைப் பதிவு செய்ய மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் கீழே இறங்கினோம். பாதிப் படியில் அவள் நின்றுவிட்டாள்.

"அண்ணி, இந்த வரி எனக்குப் பிடிக்கல."

"உன்னை யாரு பிடிக்கச் சொன்னா? பேசிட்டு வா."

"கதவுகிட்டயே இருப்பீங்கல்ல?"

"எங்க போகப்போறேன்? போடி."

அவள் உள்ளே போனாள். சிவப்பு பல்பு எரிந்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து முதலாளியின் குரல். கதவு விதியை எடுத்த ஆட்டம் தயார், ஒரு தடவை ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ, உடனே அனுப்ப வேண்டும். அவளோ ஒரு வரியைப் பத்துத் தடவை பேசுகிறவள். ஆமை தட்டுவதற்குள் போய்விட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது.

கையை எடுத்தேன்.

மேலே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தேன். கரிக்கோட்டையின் முதல் படிக்கட்டு. வாள்காரனைக் கதவுக்குக் கொண்டுபோனேன். வைத்தியச்சியும் திருடனும் வந்துவிட்டார்கள். கீழே, படி திரும்புமிடத்தில், விளக்கின் மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஆடியது.

டப்... சர்க்.

"இருங்க, வந்துட்டேன்."

நான் இருக்கவில்லை. கதவைத் திறந்தேன். முதல் தடவையாக அது திறந்தது. மூன்று பேரோடு கடந்துபோனேன். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

மரம் மரத்தில் மோதும் அந்தச் சத்தம் ஹெட்போனில் கேட்கவில்லை. என் காலுக்கு அடியில், தரைக்குள்ளிருந்து கேட்டது.

உடனே அவள் குரல்.

"என்னை விட்டுட்டுப் போகாதீங்க, அண்ணி."

அந்த வசனத்தை இன்னும் யாரும் ஆட்டத்துக்குள் சேர்க்கவில்லை. அவள் அப்போதுதான் கீழே பேசிக்கொண்டிருந்தாள்.

நான் திரையைப் பார்த்தேன். மூன்று பேர் இருக்க வேண்டும். நான்கு பேர் இருந்தார்கள். கடைசியில் அளந்த இடைவெளியில் ஓர் உருவம் நின்றது. விளக்குக்காரியின் உடை. விளக்கு அணைந்திருந்தது.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினேன். படியில் சாம்பல் வாடை மூக்கை அடைத்தது. சிவப்பு பல்பு எரியவில்லை. கைப்பிடி ஐஸாகச் சில்லிட்டிருந்தது. இழுத்துத் திறந்தேன்.

கதவுக்கு நேரே, என் முகத்துக்கு எதிரே, நின்றிருந்தாள்.

"இருங்க, வந்துட்டேன்" என்றாள்.

எனக்கு உயிரே திரும்பி வந்தது. "ஏன்டி, என்னைக் கொல்லப் பாத்தியே!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வெளியே வரும்போது அவள் தோள் நிலையில் மோதியது. ஓரடி பின்வாங்கினாள். மறுபடி அதே இடத்தில் மோதினாள். இருட்டறையில் நின்ற மயக்கம் என்று நினைத்து, நான்தான் அவளைத் திருப்பி அழைத்துவந்தேன்.

அன்று சாயங்காலம் முதல் தடவையாக எனக்கு முன் அவள் தயாராக நின்றாள். ஸ்கூட்டரில் வாயே திறக்கவில்லை. அதிர்ந்துபோயிருக்கிறாள், கையை எடுத்துவிட்டுப் போனதற்கு என்மேல் கோபம் என்று நினைத்து, வழியெல்லாம் நானே பேசிக்கொண்டு வந்தேன். மன்னிப்புக்கூடக் கேட்டேன். வெயில் சாய்ந்து எங்களுக்கு வலப்பக்கம் ரோட்டில் நிழல் நீளமாக விழுந்து கூடவே ஓடிவந்தது. ஸ்கூட்டரின் நிழல். அதன்மேல் ஒரு தலை.

நான் என் தலையை ஆட்டினேன். நிழலும் ஆட்டியது.

பின்னால் யாரும் இல்லை.

ஆனால் என் இடுப்பைச் சுற்றி ஒரு கை இருந்தது.

வீடு வந்து சேர்ந்ததே தெய்வச் செயல். மாமியார் வாசலில் நின்றார். "அட, சொன்ன நேரத்துக்கு வந்துட்டாளே என் பொண்ணு!" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அவள் என் பின்னாலேயே வந்தாள். நான் நின்றேன், நின்றாள். வாசல் நிலையில் தோள் மோதியது. பின்வாங்கினாள். மோதினாள். அப்போதுதான் கவனித்தேன், காலில் செருப்பு இல்லை. நடக்கிற சத்தமும் இல்லை.

அதன்பிறகு அவள் எதற்கும் தாமதமாக வரவில்லை. காலையில் நான் கண் விழித்தால் கட்டிலுக்கு எதிரே நின்றுகொண்டிருப்பாள். நான் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே. எது கேட்டாலும் மூன்றே பதில்தான். சாப்பிடுகிறாயா என்றால், "இருங்க, வந்துட்டேன்." உடம்பு சரியில்லையா என்றால், "இருங்க, வந்துட்டேன்." எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால், "எல்லாரும் வந்தாச்சு. போகலாம்." நான் அவளைத் தனியே விட்டு வெளியே போக எழுந்தால், "என்னை விட்டுட்டுப் போகாதீங்க." குரல் அவளுடையதேதான், அதே குழைவு, அதே மூச்சு. வார்த்தை வந்து முடிந்தபிறகு வாய் அசையும்.

அண்ணி என்று ஒரு தடவைகூட அவள் என்னைக் கூப்பிடவில்லை.

எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே நம்ப ஆசைப்பட்டேன். அந்த ஆசையிலும் மண் விழுந்தது. ஒருநாள் காலை சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். மாமியார் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கூடத்துப் பக்கம் பார்த்துக்கொண்டே என் காதோடு சொன்னார்.

"அம்மான்னு கூப்பிட மாட்டேங்கிறாம்மா."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தலை பின்னிவிட்டேன். முடியில சாம்பல் வாசம் வருது. எவ்வளவு கழுவினாலும் வருது."

"அத்தை..."

"நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா?" அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. "யாரைக் கூட்டிட்டு வந்திருக்கே நீ? என் பொண்ணை எங்க விட்டுட்டு வந்தே?"

கூடத்து நிலையில் தோள் மோதும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டது. நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். அவளைத் திட்டிய வாய் இது. கைப்பிடியை விட்ட கை இது.

பூனையிடமிருந்து அந்தப் பழைய ஆளின் எண்ணை வாங்கிப் பேசினேன். நடந்ததைச் சொன்னேன்.

"விதியை எடுத்துட்டீங்களா?"

"ஆமா."

"கடைசில இருந்தது யாரு?"

"என் நாத்தனார்."

"அந்தப் படிக்கட்டை ஆட்டத்துக்குள்ள போட்டப்பவே நான் பார்த்துட்டேன். யாரையாவது விட்டுட்டுக் கதவை மூடினா, அந்த எடம் காலியா இருக்கறதில்ல." குரல் தாழ்ந்தது. "நான் அந்த விதியை எழுதினது ஆட்டத்துக்காக இல்லம்மா. கீழ இருக்கறது மேல வரக் கூடாதுன்னுதான்."

"அவளை எப்படித் திரும்பக் கொண்டுவரது?"

"இப்போ உங்க பின்னாடி நிக்குதா?"

நான் திரும்பிப் பார்த்தேன், நின்றது. திரும்பியிருக்கக் கூடாது.

அவர் போனை வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவே இல்லை.

அன்றே பூனையைக் கூட்டிக்கொண்டு நிலவறைக்குப் போனேன். கதவு மூடாமல் நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே டார்ச் அடித்தோம். மைக், மேசை, பஞ்சுச் சுவர். அது தப்படி மாறாமல் எங்கள் பின்னால் படியில் நின்றது. மைக்கின் அடியில் அவள் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. வார் தளர்ந்த வலது செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பூனை ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தான். அவன் முகம் வெளிறியது. அதை என்னிடம் நீட்டினான்.

டப்... சர்க். டப்... சர்க்.

செருப்பு என் கையில் இருக்கிறது. காலடி மைக்கில் கேட்கிறது. எங்கோ ரொம்ப ஆழத்தில், யாரோ படி ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே படிக்கட்டு, முடிந்தால் மறுபடி அதே படிக்கட்டு. மூச்சு வாங்குகிறது. நடுவில் நின்று, விசும்பலை அடக்கிக்கொண்டு ஒரு குரல்.

"இருங்க அண்ணி... வந்துட்டேன்."

நான் கத்திய கத்தலில் மேலே எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். முதலாளி வந்து கேட்டபோது ஹெட்போனில் ஒன்றுமில்லை. வேலைப்பளு, இரண்டு பேரும் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பூனை அவருக்குத் தெரியாமல் பழைய விதியைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தான். பிரயோஜனமில்லை. நாலாவது இடத்தில்தான் ஆள் வந்து நின்றுவிட்டதே. திரையில் 'இன்னும் ஒருவர் வரவில்லை' என்று வரவே இல்லை. கதவு சட்டென்று திறந்துகொண்டது. மறுபடி விதியை எடுத்துவிட்டான்.

ஆட்டம் வெளியானது. குறைகளோடுதான். வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள், நிழல் இல்லை, எல்லாப் படியும் ஒரே படி என்று நான் எப்போதோ சொன்னதையெல்லாம் ஊரே சொன்னது. அந்தக் கணைகளுக்கு நடுவே ஒரு குறை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. வெவ்வேறு ஊர்களிலிருந்து, ஒருவரையொருவர் அறியாதவர்கள் எழுதியிருந்தார்கள்.

கதவு மூடியபிறகு விளக்குக்காரி பின்னால் அழுகிறாள். யாரோ அண்ணியைக் கூப்பிடுகிறாள். கதையில் அண்ணி என்று யாருமே இல்லையே, அது யார்?

அதைப் படித்து நான் அழுததைப் பார்த்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். அவள் இருக்கிறாள். இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். வர வர அந்தக் குரல் கிட்டத்தில் கேட்கிறது என்றும் சிலர் எழுதியிருந்தார்கள்.

முதலாளிக்குத் தலைவலி. "எவனோ விளையாட்டுக்குச் சேர்த்திருக்கான்" என்றார். பழைய குரலை முழுக்க அழித்துவிட்டு, வேறொரு பெண்ணை வைத்துப் பேசவைத்து, நாளைக் காலை எல்லோருக்கும் அனுப்பப்போகிறார்கள். படிக்கட்டையும் மாற்றுகிறார்களாம். பிறகு அவள் ஏறிவர ஒரு படிகூட இருக்காது.

அதனால் இன்று மத்தியானமே நான் கீழே வந்துவிட்டேன். நிலவறைக் கதவைத் திறந்து, அதை ஒட்டிய கீழ்ப்படியில் உட்கார்ந்து, மடிக்கணினியைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மேலே படிக்கட்டின் உச்சியில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. திரையில் கரிக்கோட்டையின் கதவு திறந்திருக்கிறது. வாள்காரனை நிலையிலேயே நிறுத்திவிட்டேன், ஓரடி முன்னால் வைக்கவில்லை. இதை ஒரு கையால்தான் எழுதுகிறேன். இன்னொரு கை நிஜக் கதவின் கைப்பிடியில் இருக்கிறது. வலது செருப்பை நிலைக்கு நேராக வைத்திருக்கிறேன், அவள் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. நான் எங்கேயும் போகப்போவதில்லை.

சற்றுமுன் திரையில், படி திரும்புமிடத்தில், மஞ்சள் வெளிச்சம் சுவரில் ஆடியது. நான் தலையை நிமிர்த்தி நிஜ அறைக்குள் பார்த்தேன். பஞ்சுச் சுவரிலும் அதே வெளிச்சம்.

டப்... சர்க்.

"இருங்க அண்ணி, வந்துட்டேன்."

"இருக்கேன்டி" என்றேன். "கதவுகிட்டயேதான் இருக்கேன். மெதுவா வா."

மேலே மாமியார் பெருங்குரலில் அழ ஆரம்பித்தார். வெளிச்சம் ஒரு படி நெருங்கியது.

அப்போது என் கழுத்துக்குப் பின்னால் சாம்பல் வாடை.

"எல்லாரும் வந்தாச்சு" என்றது அவள் குரல். "போகலாம்."

என் கையில் கைப்பிடி மெல்ல நகர்கிறது. கதவு மூடப் பார்க்கிறது. நான் விடவில்லை.